கட்டையை இழுத்தோம், தூண் வந்தது

அறிவும் அவசரமும் சரிபாதியாகக் கலந்து பிறந்த என் அருமை மருமகளுக்கு,

உன் தாயாரின் ஒரே தம்பியும், இந்த வீட்டு மாடியின் தனிப்பெரும் சக்கரவர்த்தியும், நான்கு நாட்களாக உள்ளங்கை இரண்டிலும் கொப்புளங்களைப் பதக்கங்களாக அணிந்திருப்பவனுமாகிய உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உன் அத்தை நலம். என் இடுப்பு நலமா என்று கேட்டால் அது பதில் சொல்லாமல் முனகுகிறது. அங்கு நீயும், உன் அலுவலகமும், உனக்கு லீவு தர மறுக்கும் அந்த உத்தமரான மேலதிகாரியும் நலம்தானா என்று அறிய ஆசை. மரியாதைகள் இத்துடன் முடிந்தன. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் உன் அத்தை உனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினாள். என்னைக் கேட்காமல் அனுப்பினாள். அதில் நம் வீட்டு வாசலின் இடது பக்கத் தூண் குப்புறப் படுத்திருக்கிறது. அதன் முதுகில் இரும்புக் கேட் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் உன் மாமன், கையில் ஒரு இரும்புப் பிடியோடு, கோட்டையைப் பிடித்த தளபதி போல நிற்கிறான். அதைப் பார்த்துவிட்டு நீ, "மாமா, என்ன இது?" என்று மூன்றே சொல்லில் செய்தி அனுப்பியிருந்தாய். அந்த மூன்று சொல்லுக்கும் இதோ பதில். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் வாய் திறக்க முடியாது, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சரித்திரம் என்றால் ஆதியிலிருந்து எழுத வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அடித்த பெருங்காற்றில் நம் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. அறுக்க வந்தவர்கள் கிளையை எடுத்தார்கள், தண்டை எடுத்தார்கள், இலையைக்கூடப் பெருக்கி எடுத்தார்கள், அடிக்கட்டையை மட்டும் நமக்கு நினைவுப் பரிசாக விட்டுவிட்டுப் போனார்கள். எங்கே? கேட்டுக்கும் வீட்டுப் படிக்கும் நட்ட நடுவில். நாற்காலி உயரம், ஒரு நடுத்தரக் குடும்பமே சுற்றி உட்காரக்கூடிய அகலம். வலது பக்கம் கழிவுநீர்க் கால்வாய், இடது பக்கம் துவைக்கிற கல், நடுவில் இந்த மகாராஜா. மூன்று வருஷமாக நாம் எல்லோரும் ஒருக்களித்து நடந்துதான் வீட்டுக்குள் போகிறோம். உன் அம்மாவின் கால் கட்டைவிரல் அதில் இடிக்காத வாரமில்லை, இடித்தவுடன் அவள் மாடியைப் பார்த்து, "டேய், இதைப் பிடுங்கித் தொலையேன்டா" என்று கத்தாத வாரமுமில்லை. நானும் "ஆகட்டும் அக்கா" என்று சொல்லாத வாரமில்லை. இப்படி மூன்று வருஷம் மிக ஒற்றுமையாக ஓடியது.

அப்புறம்தான் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. முதல் இரண்டு வாரம் அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. நான் சொன்ன ஒரு நகைச்சுவைக்கும் அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பதிலாகப் பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்தார், அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர், நடப்பதைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல முடியாது, சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். நீ உடனே சக்கர நாற்காலி வாங்கி அனுப்பினாய். பெரிய அட்டைப் பெட்டியில் அது வந்து இறங்கியபோதுதான் அளந்து பார்த்தேன். கட்டைக்கு அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் போகாது. அன்று நீ போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மாமா, சனிக்கிழமைக்குள்ள அந்தக் கட்டை அங்க இருக்கக்கூடாது. அம்மா தன் வீட்டுக்குள்ள போக முடியாம வாசல்லயே உக்காந்திருந்தாங்கன்னா நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் கடைசிச் சொல்லில் உன் குரல் கொஞ்சம் பிசிறடித்தது. அந்தப் பிசிறுதான் என்னை வீரனாக்கியது என்பதைத் தூணுக்காக என்னைத் திட்டும்போது நினைவில் வைத்துக்கொள்.

திங்கட்கிழமை காலை, நீ ஏற்பாடு செய்திருந்த மெஷின்காரர் வந்தார். கட்டையைத் துருவித் தூளாக்கும் மெஷின், பார்ப்பதற்குப் பல் முளைத்த பன்றி மாதிரி இருந்தது. அவர் கேட்டை அளந்தார், மெஷினை அளந்தார், மறுபடி கேட்டை அளந்தார். ஒரு சாண் இடிக்கிறது, ஒரு பக்கத் தூணை மட்டும் உடைத்துவிட்டால் உள்ளே கொண்டுவந்து அரை மணியில் வேலையை முடித்துவிடலாம், தூணைப் பிறகு கட்டிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. எந்த வீட்டுத் தூணை யார் உடைப்பது? உன் தாத்தா தன் கையால் சாந்து குழைத்து, செங்கல் மேல் செங்கலாக வைத்துக் கட்டிய தூண். அதில் நான் ஏழு வயதில் தலையை முட்டிக்கொண்ட வடு தூணிலேயே இருக்கிறது, என் தலையில் இல்லை. "இந்தத் தூணை அசைக்க ஒருத்தன் இனிமேல்தான் பொறந்து வரணும்" என்று நான் நடுத்தெருவில் நின்று முழங்கினேன். மெஷின்காரர் தலையைச் சொறிந்துகொண்டு பன்றியை வண்டியில் ஏற்றிப் போனார். மாடியிலிருந்து உன் அத்தை, "அப்ப யாரு எடுக்கறதாம்?" என்று கேட்டாள். "நான்" என்றேன். மாடியில் வலிநிவாரணித் தைலத்தைத் தேடும் சத்தம் கேட்டது.

அன்று முழுக்கக் கடப்பாறை, மண்வெட்டி, கோடாலி என்று மூன்று படைகளோடு போர் தொடுத்தேன். கட்டையைச் சுற்றி அகழி வெட்டினேன். வெட்ட வெட்ட வேர் வந்தது. ஒவ்வொரு வேரும் என் தொடை கனம். உண்மையைச் சொன்னால் மணிக்கட்டு கனம், ஆனால் தொடை கனமுள்ளது போல நடந்துகொண்டது. கோடாலியை ஓங்கிப் போட்டால் கட்டை அதை வாங்கிக்கொண்டு மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தது. கடப்பாறை வளைந்தது. நான் அதைவிட அதிகமாக வளைந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் போன். எடுத்தவுடன் முதல் கேள்வி: "டேய், அந்தக் கட்டை அங்கதானே இருக்கு?" பார்த்தாயா, இடுப்பு உடைந்தாலும் குத்தல் உடையவில்லை. அதை இல்லாமல் செய்து அவளுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று வெறியோடு இருந்ததால் நானும் வாயைக் கட்டிக்கொண்டு, "அதைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே, நான் பாத்துக்கறேன்" என்றேன். "சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைதான் ஸ்பேனர் வந்தான். தெருமுனையில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். அவனுடைய அப்பா அம்மா வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். அவன் ஒரு கை வின்ச் கொண்டுவந்தான். மருமகளே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு நீளமாக ஒரு கைப்பிடி, இரண்டு முனையிலும் கொக்கி, வயிற்றுக்குள் சுருட்டி வைத்த இரும்புக் கயிறு. ஒரு கொக்கியைக் கட்டையில் சங்கிலியோடு மாட்டு, மறு கொக்கியை அசையாத ஏதாவது ஒன்றில் மாட்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டு. ஆட்டுக்கு ஆட்டு கடக், கடக் என்று ஒரு பல் ஏறும், கயிறு ஒரு விரல் உள்ளே போகும், ஏறிய பல் இறங்காது. பெட்ரோல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒரு மனுஷன் போதும். அந்த ஒரு மனுஷன் கையில் அது வந்ததும் அவன் இருபது மனுஷன் ஆகிவிடுகிறான். நான் வெறும் கையிலேயே பத்துப் பேருக்குச் சமம் என்பதால் கணக்கு இருநூறுக்குப் போய்விட்டது. ஸ்பேனர் ஒரு எச்சரிக்கை சொன்னான்: "சார், இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இழுக்கும். கட்டை எது, கட்டி வச்சது எதுன்னு அதுக்குத் தெரியாது. எது லேசோ அது வரும்." மிக ஆழமான வாக்கியம். அப்போது நான் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்ததால் அதன் ஆழத்துக்குள் இறங்க நேரமில்லை.

அசையாத பொருள் எது? முந்தின நாள்தானே தெருவுக்கே அறிவித்திருந்தேன். தூணில் கட்டினோம்.

முதல் பத்து ஆட்டில் கயிறு விறைத்தது. இருபதில் வீணைத் தந்தி மாதிரி முறுகியது. முப்பதில் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. முப்பத்தைந்தில், மருமகளே, திடீரென்று கைப்பிடி லேசாகிவிட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்குகிறது, கயிறு சரசரவென்று உள்ளே ஓடுகிறது. "வருது, வருது" என்று நான் கத்துகிறேன். வியர்வை கண்ணை மறைக்கிறது. மூன்று வருஷத்து எதிரி மண்டியிடுகிறான் என்று எனக்கு ஆனந்தக் கண்ணீர். மாடியிலிருந்து உன் அத்தை, அரிசியில் கல் பொறுக்கும்போது பேசுகிற அதே நிதானக் குரலில் சொன்னாள்: "கட்டை அப்படியேதான் இருக்கு. தூண்தான் உங்களைப் பாக்க வந்துட்டிருக்கு."

திரும்பிப் பார்த்தேன். உன் தாத்தாவின் தூண், தொப்பி வைத்த பெரிய மனிதர் குனிந்து வணக்கம் சொல்வது போல, மெல்ல, மிக மரியாதையாக, என்னை நோக்கிக் குனிந்தது. கேட் ஒரு முனகு முனகியது. தூணில் மாட்டியிருந்த தெருத் தபால் பெட்டி வாயைத் திறந்து மூடியது. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம், தெரு முழுக்கப் புழுதி. புழுதி அடங்கியபோது நான் எப்படி நின்றேனோ அதுதான் நீ பார்த்த புகைப்படம். அதில் என் முகத்தில் தெரிவதை நீ பெருமிதம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அது அதிர்ச்சி. எனக்கு இரண்டுக்கும் ஒரே முகம்தான். அப்போதும் உன் அத்தை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இப்ப அந்த மெஷின் தாராளமா உள்ள வரும்." சில உண்மைகளுக்குப் பதில் சொன்னால் அவை பெரிதாகிவிடும். மெஷின்காரருக்குப் போன் செய்தேன் என்பதையும், அவர் பன்றியோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், இனி அடுத்த வாரம்தான் என்பதையும் உன் அத்தையிடம் சொல்லாதே.

அன்று ஐந்து மணிக்கு அக்கா மறுபடி கேட்டாள். "டேய், கேட்டுலேர்ந்து அந்தக் கட்டைக்கு எத்தனை காலடி இருக்கும்?" கேட்டே இல்லையே என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இவளுக்கு எப்படி மோப்பம் பிடிக்கிறது, எவ்வளவு கயிறு வேண்டுமென்று யோசனை சொல்லப் போகிறாளோ என்று நினைத்து, நடந்து பார்த்துச் சொன்னேன், பதினொன்று. "உன் காலடி இல்லடா. சின்னச் சின்னதா வச்சு நட. கட்டையிலேர்ந்து படி வரைக்கும்கூட எண்ணிச் சொல்லு." ஐந்து வாரம் படுத்தே கிடக்கிறவள் ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று, நடை பழகுகிற குழந்தை மாதிரி தத்தித் தத்தி நடந்து எண்ணினேன். கேட்டிலிருந்து கட்டைக்கு இருபத்திரண்டு. கட்டையிலிருந்து படிக்குப் பத்தொன்பது. தெருவில் போன பால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அக்கா அந்தப் பக்கத்தில் எண்களைத் திரும்பச் சொல்லி யாரையோ எழுதிக்கொள்ளச் சொல்வது கேட்டது. அப்புறம் சிரித்தாள். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு. என் நடையை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று எனக்கும் உச்சி குளிர்ந்தது.

புதன்கிழமை ஸ்பேனர் தன் பழைய வேனைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தினான். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னால் கல்லும் வைத்தான். தூண் உயிரில்லாதது சார், வண்டிக்கு ரோஷம் உண்டு, வராது என்றான். கட்டினோம், ஆட்டினோம். வேனுக்கு ரோஷம் இருந்தது உண்மை. நாற்பது ஆட்டு வரைக்கும் இருந்தது. அப்புறம் அது கல்லையும் தள்ளிக்கொண்டு, தூண் விட்டுப்போன அகலமான வாசல் வழியாக, மாப்பிள்ளை மாதிரி நேராக உள்ளே வந்தது. உன் அத்தையின் பூந்தொட்டிகளில் நான்கின் மேல் ஏறி, நான் வெட்டிய அகழியில் ஒரு முன்சக்கரத்தை இறக்கி, கட்டையின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. மாடியிலிருந்து, "வாங்க, உக்காருங்க" என்று வேனுக்கு உபசாரம் நடந்தது. தொட்டிகளுக்கு அஞ்சலியாக அன்று எனக்கு மதியச் சாப்பாடு தாமதமானது. பலகை போட்டு, ஜாக்கி கொடுத்து, எட்டுப் பேரைத் தெருவிலிருந்து பிடித்துவந்து வேனை வெளியேற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கட்டை எள்ளளவும் அசையவில்லை. இன்னும் இரண்டே நாள். ஐந்து மணிக்கு அக்கா, "கட்டை பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டாள். "இருக்கு அக்கா" என்றேன். அவ்வளவு சோகமாக ஒரு உண்மையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலை. நான் கட்டையின் மேல் உட்கார்ந்து, சனிக்கிழமை அக்காவை நாற்காலியோடு தூக்க எத்தனை பேர் வேண்டும், வழியில் யார் எங்கே இடறுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "கோணம் தப்பு."

யார் என்கிறாய்? அரையங்குலம். ஆமாம், அவரேதான். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நில அளவையாளர். நம் மதில் சுவர் தன் நிலத்துக்குள் அரை அங்குலம் வந்திருக்கிறது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாரே, இல்லவே இல்லை என்று நான் அந்த டேப்பையே சந்தேகித்தேனே, அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேசுவதில்லை. அவசரமென்றால் உன் அத்தை மூலமாகத்தான். அவர் வீட்டில் புகை வந்தபோதுகூட நான் உன் அத்தையைக் கூப்பிட்டுத்தான் தகவல் சொன்னேன். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது மதிலுக்கு மேல் கழுத்தை நீட்டி, மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்து வயிறு வலிக்கிறது என்று ஆரம்பித்து, நாங்கள் செய்த தப்புகளை எல்லாம் வரிசையாகச் சொன்னார். கட்டையைப் பக்கவாட்டில் இழுத்தால் அத்தனை வேரும் சேர்ந்து எதிர்க்கும். சங்கிலியைப் பின்பக்கத்து வேரில் கட்டி, கட்டையின் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இழுத்தால் அது நகரப் பார்க்காது, புரளும். முதலில் பக்க வேர்களை அறுத்துவிட வேண்டும். நடுவில் ஒரு கப்பி போட்டால் பலம் இரட்டிப்பாகும். எல்லாவற்றுக்கும் மேலே, கட்டி வைக்கிற பொருளுக்குக் கட்டையைவிடப் பெரிய வேர் இருக்க வேண்டும்.

"அப்படிப்பட்ட பொருளுக்கு எங்க போறது?" என்றேன். கேட்ட பிறகுதான் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசிவிட்டது உறைத்தது.

அவர் திரும்பித் தன் வீட்டு மரத்தைப் பார்த்தார். மதிலை ஒட்டி நிற்கிறதே, நம் மரத்தின் கூடப்பிறந்த மரம், அதே வயது, காற்றில் சாயாமல் தப்பித்தது. நானும் பார்த்தேன். அப்புறம் அவர் தொண்டையைச் செருமி, "அரை அங்குலம்" என்றார். அவ்வளவுதான்.

மருமகளே, அந்த அரை அங்குலத்துக்காக நான் உயிரையே விடத் தயாராக இருந்தவன். வாரிசுகளுக்கு எழுதி வைக்கும் எண்ணம்கூட இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த உன் அம்மாவின் முதுகு. ஸ்பேனர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எது லேசோ அது வரும். அன்று லேசாக இருந்தது நான்தான். "உங்களுதுதான்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். "சுவரை இடிக்க வேணாம், வாயால சொன்னா போதும்னுதான் ஆறு வருஷமா நின்னுட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு கைரம்பமும் நான்கு கோணிப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். கோணி எதற்கென்றால் மரத்தின் பட்டை கீறாமல் இருக்க. தன் மரத்துக்கு அவர் கோணி சுற்றியதைப் பார்த்திருந்தால், குளிரில் போகும் குழந்தைக்கு அம்மா மப்ளர் சுற்றுவது போல என்று நீயே சொல்லியிருப்பாய்.

வியாழன் பூராவும் வேர் அறுத்தோம். இன்று, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு மகாயுத்தம். கைப்பிடியில் நான், சங்கிலிக்கு ஸ்பேனர், கோணத்துக்கு அரையங்குலம், மாடியில் எண்ணுவதற்கு உன் அத்தை. கயிறு அறுந்தால் துள்ளி யார் தலையையாவது எடுத்துவிடும் என்று அவளே ஒரு பழைய மெத்தை விரிப்பை மேலிருந்து வீசி, கயிற்றின் மேல் போர்த்தச் சொன்னாள். அவள் "ஒண்ணு" என்றதும் கடக். "ரெண்டு" என்றதும் கடக். கயிறு மதிலுக்கு மேலே நேர்கோடாக எழுந்து நின்றது. பக்கத்து வீட்டு மரம் ஒரு இலையை மட்டும் உதிர்த்தது, மற்றபடி அசையவே இல்லை. அறுபதாவது எண்ணுக்கு மண்ணுக்கடியில் எங்கேயோ டப் என்று ஒரு சத்தம். ஒரு வேர். எழுபதுக்கு இன்னொன்று, டப். எனக்குக் கை ஓய்ந்தபோது அரையங்குலம் என்னை விலக்கிவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்தார், எழுபத்தோரு வயது, எழுபத்தைந்து கிலோ கோபம், ஆறு வருஷச் சேமிப்பு, அத்தனையையும் அதில் போட்டு ஆட்டினார். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பால்காரர் பாலை மறந்தார். தொண்ணூறில் கட்டையின் பின்பக்கம் ஒரு விரல் எழுந்தது. நூறில் ஒரு சாண். நூற்றுப் பன்னிரண்டில், மருமகளே, பூமி ஒரு பெருமூச்சு விட்டது, அந்த மலை, அந்த மகாராஜா, தூக்கத்தில் புரண்டு படுக்கும் யானை மாதிரி வேரையெல்லாம் வானத்துக்குக் காட்டிக்கொண்டு மெல்லப் புரண்டு மல்லாந்தது. அப்புறம் நானும் அரையங்குலமும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினோம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. கட்டிப் பிடித்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஆடியது ஸ்பேனர். உன் அத்தை மாடியில் நூற்றுப் பதின்மூன்று, நூற்றுப் பதினான்கு என்று எண்ணிக்கொண்டே இருந்தாள், அவளுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். புழுதி என்றாள்.

குழியை மூடியாயிற்று, திமிசு போட்டு இடித்தாயிற்று, அரையங்குலம் மட்டப்பலகை வைத்துப் பார்த்து நான்கு தடவை திருத்தியாயிற்று. தரை இப்போது கேரம் பலகை மாதிரி இருக்கிறது. சக்கர நாற்காலியை ஒரு தடவை தள்ளினால் தானாகவே படி வரைக்கும் ஓடுகிறது, நானே உட்கார்ந்து பார்த்தேன். கட்டையை உருட்டித் தெரு ஓரத்தில் போட்டுவிட்டோம், திங்கட்கிழமை விறகுக்காரர் எடுத்துப் போவார். தூணை நான் எப்படியும் கட்டிக் கொடுத்துவிடுகிறேன், பழைய செங்கல் ஒன்றுகூட உடையவில்லை, என் தலை முட்டிய கல்லும் பத்திரம். நாளை காலை உன் அம்மா தன் வீட்டுக்குள் ராணி மாதிரி நுழைவாள். இதைச் செய்தது யார் என்று ஊர் கேட்டால் நீ அடக்கமாகச் சொல், என் மாமா என்று.

நீ நூறாண்டு திடமாக இரு. உன் மேலதிகாரியின் மனதில் ஈரம் சுரந்து உனக்கு லீவு கிடைக்கட்டும். உன் வாசலில் எந்த மரமும் விழாதிருக்கட்டும், விழுவதென்றால் வேரோடு விழட்டும். உன் அத்தை தன் அன்பையும், நான்கு பூந்தொட்டிகளைப் பற்றிய நினைவூட்டலையும் தெரிவிக்கச் சொன்னாள்.

வெற்றிவாகை சூடிய விரல்களால்,
உன் மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். தபால் பெட்டி தூணோடு போய்விட்டதால் ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. இன்று சனிக்கிழமை மதியம். மேலே எழுதியதை எல்லாம் அப்படியே வைத்துக்கொள், ஆனால் நம்பி எதையும் செய்துவிடாதே.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. நான் சக்கர நாற்காலியின் பின்னால் அரண்மனைச் சேவகன் மாதிரி குனிந்து நின்றேன். அக்கா இறங்கினாள், நாற்காலியைப் பார்த்தாள், "அதை மடிச்சு ஓரமா வைடா" என்றாள். அப்புறம் வண்டிக்குள்ளிருந்து நான்கு கால் வைத்த வாக்கரை வாங்கி முன்னால் வைத்து, எழுந்து, நடந்தாள். ஆமாம், நடந்தாள். மூன்று வாரமாக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடைப் பயிற்சி கொடுக்கும் பெண்ணோடு ரகசியமாகப் பழகியிருக்கிறாள். உன்னிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, டாக்டர் வாயையும் கட்டி வைத்திருந்திருக்கிறாள். சின்னச் சின்னக் காலடி. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நின்றாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. பயிற்சிப் பெண் சொல்லிக் கொடுத்தபடி மெல்லத் திரும்பி, பின்னால் பார்க்காமல், உட்காரப் போனாள்.

எங்கே உட்கார? அப்போதுதான் எனக்கு உயிர் போயிற்று. அந்தப் போன்கள், அந்தக் காலடிக் கணக்கு, 'கட்டை பத்திரமா இருக்குல்ல' என்ற கேள்வி, எல்லாம் ஒரே நொடியில் மண்டையில் இறங்கின. கட்டை வரைக்கும் ஒரு நடை, உட்கார்ந்து இளைப்பாறல், அப்புறம் படி வரைக்கும் ஒரு நடை. தாழ்வாரத்தில் அதே உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டு அவள் மூன்று வாரம் பழகியதும், கடைசி நான்கு நாள் நான் எண்ணிச் சொன்ன தூரத்தில் அதைத் தள்ளிப் போட்டு நடந்ததும் இதற்குத்தான். யோசிக்க நேரமில்லை. பாய்ந்து போய் கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி அவளுக்குப் பின்னால் நின்றேன். உன் அம்மா என் முதுகில் உட்கார்ந்தாள். சரியாக அதே உயரம்.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது. "டேய், கட்டை எங்கடா?"

"நான்தான் அக்கா" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் என் முதுகு குலுங்கியது. இளைப்பாறி முடித்து எழுந்தாள், பத்தொன்பது காலடியில் படி, வீடு, தன் கட்டில். அங்கிருந்து, சாயங்காலமும் நடப்பேன், நாளைக்கும் நடப்பேன், தினம் இரண்டு வேளை, அதற்குள் கட்டையை அதே இடத்தில் வைத்துவிடு, இல்லாவிட்டால் நீயே இரு என்று உத்தரவு.

ஆகவே மருமகளே, கட்டை திரும்பி வருகிறது. அரையங்குலம் டேப்போடு இடத்தைக் குறித்துவிட்டார், பழைய இடத்திலிருந்து அரை அங்குலம்கூட விலகாது என்று சத்தியம் செய்திருக்கிறார். ஸ்பேனர் வின்ச்சோடு வந்துவிட்டான். தெருவிலிருந்து உள்பக்கமாக இழுக்க வேண்டும் என்பதால் மரம் உதவாது, வீட்டுப் பக்கத்தில்தான் கட்டியாக வேண்டும். வராந்தாத் தூணைத் தட்டிப் பார்த்தேன், மிக உறுதியாக இருக்கிறது. அதன் மேல்தான் எங்கள் மாடி நிற்கிறது. உன் அத்தை தன் சாமான்களைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறாள், ஏன் என்று தெரியவில்லை.